கட்டற்ற கணினியில் இந்திய மொழிகள்: எழுத்தும் தோற்றமும்

முன்னுரை

எழுதும் கருவி மாறுந்தோறும் மொழி ஒரு தேர்வை எதிர்கொள்கின்றது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் நம் முன்னோர் மெய்யெழுத்தின் புள்ளியை விடுத்தே எழுதினர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்திக் காட்ட 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வடிவம் வகுத்தார். ஈய அச்சும் தட்டச்சுப் பொறியும் வந்தபின், 'ணா, றா, னா, லை, ளை' முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றி 1978ஆம் ஆண்டு தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. இவ்வாறு ஓலையும் அச்சும் தட்டச்சும் தமிழ் எழுத்தில் தத்தம் சுவடுகளை விட்டுச் சென்றுள்ளன.

கணினி வைத்த தேர்வு இவற்றினும் கடியது. ஓலையிலும் தாளிலும் எழுதியது கண்ணுக்குத் தெரியும். கணினியிலோ எழுத்து எண்ணாகச் சேமிக்கப்பெறுகின்றது. அவ்வெண்ணை எழுத்தாக்கும் வழி மறைந்துவிடின் எழுதியது அனைத்தும் மறைந்துவிடும். ஆதலின் அவ்வழி யார் கையில் உள்ளது என்னும் வினா, தமிழுக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் இன்றியமையாத வினாவாகின்றது. மூலநிரல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பெற்ற கட்டற்ற கணினி அமைப்புகளில், குறிப்பாக லினக்ஸ் அமைப்பில், இந்திய மொழிகளை உள்ளிடுவதும் காட்டுவதும் எவ்வாறு நிகழ்கின்றன, அவற்றில் மொழி கற்றோர்க்குரிய பங்கு யாது என்பனவற்றை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

கட்டற்ற மென்பொருள் என்பது

மென்பொருளின் மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கவும் பயனர்க்கு உரிமை இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையுடன் 1983ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் 'குனூ' திட்டத்தை அறிவித்தார். அவ்வுரிமைகளைச் சட்டமுறையிற் காக்கும் குனூ பொது உரிமம் 1989இல் வெளியாயிற்று. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவராகிய லினஸ் டோர்வால்ட்சு 'லினக்ஸ்' கருநிரலை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்தே இன்று நாம் பொதுவாக லினக்ஸ் என வழங்கும் இயங்குதளமாக அமைந்தன.

இங்குக் கட்டற்றது என்பது விலையின்மையை மட்டும் குறிப்பதன்று. ஓர் எழுத்து பிழையாகத் தோன்றினால் அப்பிழை எங்குள்ளது எனத் தேடவும், கண்டு திருத்தவும், திருத்தத்தை அனைவர்க்கும் அளிக்கவும் வழியுண்டு என்பதே அச்சொல்லின் முழுப்பொருள். வணிக நிறுவனங்களும் இந்திய மொழிகளுக்கு இடமளித்துள்ளன. விண்டோஸ் 2000 பதிப்பிலேயே தமிழும் இந்தியும் இடம்பெற்றன. எனினும் சந்தை சிறிதாயுள்ள மொழி, வணிக நிறுவனத்தின் விருப்பத்திற்காகக் காத்திருக்க வேண்டும். கட்டற்ற அமைப்பில் அம்மொழி பேசுவோரே பணியைத் தொடங்கிவிடலாம்.

முதல் வாயில்: குறியேற்றம்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்ணே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் பட்டியலையே குறியேற்றம் என்கிறோம். அமெரிக்காவில் 1963இல் வகுக்கப்பெற்ற 'ஆஸ்கி' பட்டியலில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அவை போதுமாயின. பிற மொழிகளுக்கு இடமில்லை.

இக்குறையை நீக்க முயன்றோர் தொடக்கத்தில் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்துருவில் மட்டும் அவ்விடத்தில் ஒரு தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தனர். திரையிலும் தாளிலும் தமிழ் தோன்றிற்று. ஆயினும் கணினியின் கணக்கில் அது ஆங்கிலமாகவே இருந்தது. எழுத்துருவை உருவாக்கிய ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எண்களை அமைத்தனர். ஆதலின் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே எஞ்சின.

இந்நிலையை ஒழுங்குபடுத்த முயற்சிகள் பல நிகழ்ந்தன. இந்திய மொழிகள் பலவற்றுக்குப் பொதுவான 'இஸ்கி' குறியேற்றத்தை இந்தியத் தர நிறுவனம் 1991இல் தரமாக வெளியிட்டது. 1990களின் பிற்பகுதியில், பல நாட்டுத் தமிழர் இணையவழிக் கலந்துரையாடித் 'தஸ்கி' என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் 'தாம்', 'தாப்' என்னும் இரண்டையும் தமிழக அரசு ஏற்றது. இவற்றுக்கிடையே உலக மொழிகள் அனைத்தையும் ஒரே பட்டியலில் அடக்கும் யூனிகோடு, அதாவது ஒருங்குறி, 1991இல் முதற் பதிப்பாக வெளிவந்தது. அதில் தேவநாகரி, வங்காளம், குர்முகி, குசராத்தி, ஒரியா, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றன.

ஒருங்குறியில் தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் இல்லை. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி முதலியனவே எண் பெற்றுள்ளன. ஏனையவை இவற்றின் சேர்க்கையால் உண்டாகின்றன. 'தமிழ்' என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூ.டி.எஃப்-8 முறையிற் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். ஆகச் 'தமிழ்' 15 பைட்டுகளாகும். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் வேண்டும் என்று கருதியோர் 'டேஸ் 16' என்னும் முறையை முன்வைத்தனர். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16ஐயும் தரங்களாக அறிவித்தது. நடைமுறையில் உலகெங்கும் பரவி நிற்பது ஒருங்குறியே.

லினக்ஸ் அமைப்புகள் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே யூ.டி.எஃப்-8 முறையை இயல்பான முறையாக ஏற்கத் தொடங்கின. அதனால் கோப்பின் பெயர் முதல் கோப்பின் உள்ளடக்கம் வரை எங்கும் தமிழை எழுத இயலுகின்றது.

இரண்டாம் வாயில்: உள்ளீடு

பட்டியலில் எழுத்து இருந்தால் மட்டும் போதாது; விரலால் அதனைத் தட்டவும் வேண்டும். விசைப்பலகையின் விசைகளோ ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு ஏற்ப அமைந்தவை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதில் இந்திய மொழிகளுக்கு மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, நடுவண் அரசின் மின்னணுத் துறை 1986இல் தரமாக்கிய 'இன்ஸ்கிரிப்ட்' முறை. இந்திய மொழிகள் பலவற்றின் எழுத்துகள் ஒலிமுறையால் ஒத்திருத்தலின், ககரத்துக்கு இந்தியில் எவ்விசையோ தமிழிலும் மலையாளத்திலும் அவ்விசையே என இது வகுத்தது. ஒரு மொழியில் பழகியோர் மற்றொரு மொழியிலும் எளிதில் தட்டலாம்.

இரண்டாவது, தமிழக அரசு 1999இல் ஏற்ற 'தமிழ் 99' முறை. இதில் உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்துள்ளன. இதன் சிறப்பு இலக்கணத்தைத் துணைக்கொண்டு விசை எண்ணிக்கையைக் குறைத்தலாகும். ஒரே மெய் அடுத்தடுத்து இருமுறை தட்டப்பெற்றால் முன்னதற்குப் புள்ளி தானாக வரும். 'அ, ப, ப, ஆ' எனத் தட்டினால் 'அப்பா' ஆகும். மெல்லினத்தை அடுத்து அதன் இனமாகிய வல்லினம் வந்தாலும் மெல்லினம் தானே புள்ளி பெறும். 'ப, ந, த, உ' எனத் தட்டினால் 'பந்து' கிடைக்கும். இனவெழுத்து என்று நாம் இலக்கண வகுப்பிற் கற்றது விசைப்பலகையில் விதியாக நிற்பதை மாணவர் உணர்தல் வேண்டும்.

மூன்றாவது, ஆங்கில எழுத்தால் ஒலித்துத் தட்டும் ஒலிபெயர்ப்பு முறை. ஆங்கில விசையில் பழகியோர்க்கு இது எளிது. ஆயினும் 'ன, ண, ந' வேறுபாட்டையும் 'ல, ள, ழ' வேறுபாட்டையும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து முதலிய உத்திகளால் நினைவிற் கொள்ள வேண்டியிருத்தலின் சிந்தனை தமிழிலும் விரல் ஆங்கிலத்திலும் இயங்கும் நிலை உண்டாகின்றது. நெடுங்காலம் எழுதவிருக்கும் மாணவர் தமிழ் 99 முறையைப் பழகிக்கொள்ளுதல் நன்று. இவை தவிரப் பழைய தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பும் அதிற் பயின்றோர் பொருட்டு வழங்கி வருகின்றது.

லினக்ஸ் அமைப்பில் இவையனைத்தும் ஒருங்கே கிடைக்கின்றன. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்னும் நேர்முறை அமைப்புகளை எக்ஸ்.கே.பி என்னும் பகுதி கவனிக்கின்றது. முன்னெழுத்தைப் பார்த்துப் பின்னெழுத்தை முடிவு செய்யும் தமிழ் 99 போன்றவற்றுக்கு உள்ளீட்டு முறை என்னும் இடைநிலை நிரல் தேவை. ஐபஸ், ஃபிசிடிக்ஸ் ஆகியன இவ்வகை நிரல்கள். இவற்றுக்கு மொழி அறிவை ஊட்டுவது ஜப்பானில் உருவான எம்17என் என்னும் நூலகம். 'பன்மொழியாக்கம்' எனப் பொருள்படும் நீண்ட ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துக்கும் இறுதியெழுத்துக்கும் இடையே 17 எழுத்துகள் இருத்தலின் அதற்கு இப்பெயர் அமைந்தது. ஜப்பானிய ஆய்வாளர் தொடங்கிய நூலகத்தில் தமிழ், மலையாளம், வங்காளம், உருது முதலிய மொழிகளின் விசைவிதிகள் சாதாரண உரைக்கோப்புகளாகவே வைக்கப்பெற்றுள்ளன. நிரலாக்கம் ஆழமாகக் கல்லாதாரும் அக்கோப்பைத் திறந்து, விதி எவ்வாறு எழுதப்பெற்றுள்ளது எனப் படித்துத் திருத்த இயலும்.

மூன்றாம் வாயில்: எழுத்துருவும் வடிவாக்கமும்

அச்சகத்தில் 'கொ' என்னும் எழுத்தைக் கோக்கும் அச்சுக்கோப்பாளர் முதலில் ஒற்றைக்கொம்பையும், பின்னர்க் ககரத்தையும், இறுதியில் காலையும் எடுத்து வைப்பார். கண்ணுக்குத் தோன்றும் வரிசை அதுவே. ஒருங்குறியிலோ முதலில் ககரமும் அடுத்து ஒகரக்குறியும் என ஒலிப்பின் வரிசையிலேயே சேமிப்பு நிகழ்கின்றது. சேமிப்பு வரிசையைத் தோற்ற வரிசையாக மாற்றும் பணியைச் செய்யும் நிரலுக்கு வடிவாக்கப் பொறி என்று பெயர். அச்சுக்கோப்பாளரின் கைத்திறன் முழுவதும் இப்பொறிக்குள் விதிகளாக அமைந்துள்ளது.

இப்பொறி இல்லாத அமைப்பில் கொம்பு இடம் மாறி நிற்கும். புள்ளி எழுத்தின்மேல் அமராமல் விலகி நிற்கும். குறிகள் புள்ளிவட்டத்தின்மேல் தனித்துத் தோன்றும். தமிழில் கூட்டெழுத்து 'க்ஷ', 'ஸ்ரீ' எனச் சிலவே. தேவநாகரியிலும் வங்காளத்திலும் மலையாளத்திலும் கூட்டெழுத்துகள் மிகப்பல. மெய்யோடு மெய் சேருங்கால் வடிவமே மாறிவிடும். அம்மொழிகளுக்கு வடிவாக்கப் பொறியின்றி ஒரு வரியும் செம்மையாகத் தோன்றாது.

கட்டற்ற உலகில் இப்பணி படிப்படியாக வளர்ந்தது. 1996இல் தொடங்கிய ஃபிரீடைப் என்னும் நூலகம் எழுத்துருவின் கோடுகளைத் திரையின் புள்ளிகளாக்கிற்று. அடுத்து வந்த பேங்கோ என்னும் பொறி பன்மொழி வடிவாக்கத்தை ஏற்றது. அதன் பெயரில் 'எல்லாம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும், 'மொழி' எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்லும் இணைந்துள்ளன. 2002இல் வெளியான ஜி.டி.கே 2 தொகுதியில் பேங்கோ இடம்பெற்றதும் க்னோம் பணித்தளத்தில் இந்திய மொழிகளுக்கு வழி பிறந்தது. பின்னர் ஈரானிற் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் தலைமையில் 'ஹார்ஃப்பஸ்' என்னும் பொறி வளர்ந்தது. 'ஓப்பன்டைப்' என்னும் எழுத்துருத் தரத்தின் பெயரைப் பாரசீகத்தில் பெயர்த்து இப்பெயர் சூட்டினர். 'ஹர்ஃப்' என்றால் எழுத்து என்பது அரபு பயில்வார் அறிந்ததே. இப்பொறி இன்று லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகியவற்றிலும், லினக்ஸ் கருநிரலின்மேல் அமைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இயங்குகின்றது. கைப்பேசியில் தமிழ்ச் செய்தி படிக்கும் பலரும் தாம் அறியாமலே ஒரு கட்டற்ற மென்பொருளின் பயனைத் துய்க்கின்றனர்.

எழுத்துருக்களைப் பொறுத்தவரை, ரெட்ஹாட் நிறுவனம் 2004இல் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட 'லோகித்' தொகுதி இந்திய மொழிகளுக்குப் பெருந்துணையாயிற்று. கூகுள் வெளியிட்ட 'நோட்டோ' தொகுதி உலகின் எம்மொழி எழுத்தும் வெற்றுக் கட்டமாகத் தோன்றலாகாது என்னும் நோக்கமுடையது. கேரளத்தில் 2002இல் தொடங்கிய சுதந்திர மலையாளக் கணிமைக் குழுவின் பணி தனித்துப் பாராட்டத்தக்கது. 1971ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால் அச்சிலிருந்து விலகிய மரபான மலையாளக் கூட்டெழுத்துகள், 'ரசனா', 'மீரா' முதலிய கட்டற்ற எழுத்துருக்களால் மீண்டும் வழக்கிற்கு வந்தன. தட்டச்சுப் பொறியின் குறுகிய விசைகளுக்காக இழந்ததைக் கணினியில் அம்மொழியினர் மீட்டுக்கொண்டனர். அக்குழுவினரே 'மீரா இனிமை' என்னும் தமிழ் எழுத்துருவையும் வழங்கியுள்ளனர்.

அகரவரிசையும் எழுத்தின் ஒப்புமையும்

எழுதுதலும் தோன்றுதலும் அமைந்தபின் எஞ்சுவன வரிசைப்படுத்தலும் தேடலும் ஆகும். மொழி கற்றோரின் துணையின்றி இவை நிறைவுறா.

ஒருங்குறிப் பட்டியலில் தமிழ் மெய்கள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும் வந்து, அதன்பின் வகரம் வருகின்றது. எண்வரிசையை மட்டும் நம்பி அடுக்கினால் 'அனல், அறம், அலை, அளவு, அழகு, அவல்' என்று அமையும். நம் அகராதி முறையிலோ 'அலை, அவல், அழகு, அளவு, அறம், அனல்' என்பதே சரி. மேலும் அகராதியில் மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வருதலின் 'அக்கா' முன்னும் 'அகல்' பின்னும் நிற்றல் வேண்டும். எண்வரிசை இதனையும் மாற்றிவிடும். இக்குறையைப் போக்க ஒருங்குறி அமைப்பின் சி.எல்.டி.ஆர் என்னும் தரவுத்தொகுதியில் தமிழுக்குரிய வரிசைவிதி எழுதப்பெற்றுள்ளது, ஐ.சி.யு என்னும் கட்டற்ற நூலகம் அதனைப் பயன்படுத்துகின்றது. நெடுங்கணக்கு அறிந்தோர் எடுத்துரைத்தாலன்றி இவ்விதி கணினிக்குள் சென்றிராது.

தேடலில் வேறொரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதை ஒகரக்குறி ஒன்றால் எழுதலாம்; கொம்பும் காலுமாக இரு குறிகளாலும் எழுதலாம். இவ்விரண்டும் ஒன்றே என ஒருங்குறி வரையறுத்துள்ளமையால் நன்கமைந்த நிரல் இரண்டையும் ஒப்பக் கொள்ளும். ஆனால் 'கௌ' என்பதன் இறுதியில் வரும் குறிக்கு மாற்றாக ளகரத்தையே தட்டிவிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் கணினிக்கு அது வேறு எழுத்து. 'கௌரவம்' எனத் தேடுவோர்க்கு அப்பக்கம் கிடைக்காது. 'ஸ்ரீ' என்பதிலும் இந்நிலை உண்டு. 2005இல் தாலவிய சகரமாகிய 'ஶ' ஒருங்குறியிற் சேர்க்கப்பெற்றபின், தோற்றத்தில் ஒத்த இவ்வெழுத்து இருவேறு குறித்தொடர்களால் எழுதப்பெற்று வருகின்றது. மெய்ப்புத் திருத்துவோர் கண்ணால் காண்பதோடு அமையாமல் குறியையும் அறிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

உருதுவும் அரபுத்தமிழும்

இந்திய மொழிகள் என்னும்போது வலமிருந்து இடமாக எழுதப்பெறும் உருது, சிந்தி, காசுமீரி ஆகியவற்றையும் எண்ணுதல் வேண்டும். ஒரே வரியில் உருதுச் சொல்லும் எண்ணும் தமிழ்ச் சொல்லும் வந்தால் எது எத்திசையில் ஓடும் என வகுக்கும் இருதிசை நெறிமுறையை ஒருங்குறி விளக்குகின்றது. ஃபிரீபிடி என்னும் கட்டற்ற நூலகம் அந்நெறியைச் செயற்படுத்துகின்றது.

உருதுவுக்குரிய நஸ்தலீக் எழுத்து கணினிக்கு நெடுங்காலம் கடினமாகவே இருந்தது. சொல்லின் எழுத்துகள் மேலிருந்து கீழாகச் சரிந்து இறங்கி, அண்டை எழுத்துக்கேற்ப ஒவ்வொன்றும் வடிவம் மாறும் இயல்பினது அது. சென்னையில் 1927இல் தொடங்கப்பெற்ற 'முசல்மான்' உருது நாளிதழ், கணினி அச்சு பரவிய பின்னரும் நெடுங்காலம் எழுத்தோவியர் கையாலேயே எழுதப்பெற்று வந்ததை இங்கு நினைவுகூரலாம். இப்போது 'நோட்டோ நஸ்தலீக் உருது', 2017இல் எஸ்.ஐ.எல் நிறுவனம் வெளியிட்ட 'அவாமி நஸ்தலீக்' ஆகிய கட்டற்ற எழுத்துருக்கள் அவ்வழகைத் திரையிற் காட்டுகின்றன.

நமக்கு இன்னும் நெருங்கியது அரபுத்தமிழ். தமிழ்நாட்டு, இலங்கை முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதிய இம்மரபில் கையெழுத்துப் படிகளும், கல்லச்சில் வெளிவந்த நூல்களும் உள்ளன. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகள் கூட்டிப் புதிய எழுத்துகளை முன்னோர் ஆக்கிக்கொண்டனர். அவற்றுட் சில ஒருங்குறியில் வேறு மொழிகளின் பொருட்டு முன்னரே இடம்பெற்றிருந்தன. கீழே மூன்று புள்ளி பெற்ற அய்ன், கீழே ஒரு புள்ளி பெற்ற காஃப் ஆகிய அரபுத்தமிழ் எழுத்துகள் 2015இல் வெளியான ஒருங்குறி 8.0 பதிப்பிற் சேர்ந்தன.

எண் கிடைத்தமையால் முதல் வாயில் திறந்தது. ஏனைய வாயில்கள் தாமே திறவா. அரபுத்தமிழை எளிதில் தட்டுவதற்கு விசைவிதி வேண்டும். அவ்வெழுத்துகள் அனைத்தும் அடங்கிய எழுத்துரு வேண்டும். அரபுத்தமிழ் வரியைத் தமிழ் எழுத்துக்கு மாற்றும் நெறி வேண்டும். இதற்கென எந்த வணிக நிறுவனமும் முன்வரும் என எதிர்பார்த்தல் இயலாது. இதனைப் படிக்கத் தெரிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களது அறிவும் மாணவரது கணினித் திறனும் ஒரே மேசையிற் சந்தித்தால்தான் இப்பணி நடைபெறும். கட்டற்ற மென்பொருள் அம்மேசையை நமக்கு அளித்துள்ளது.

தமிழ்த்துறைகளின் கடமை

மேற்கூறியவற்றிலிருந்து தமிழ்த்துறைகள் ஏற்கத்தக்க பணிகள் சில தெளிவாகின்றன.

முதலாவது, பழைய குறியேற்றங்களிலிருந்து மீட்பு. 1980களின் பிற்பகுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கணினியில் தட்டச்சான ஆய்வேடுகளும், சிறப்பு மலர்களும், பள்ளிவாசல், கோயில், சங்கங்கள் முதலியவற்றின் வெளியீடுகளும் பெரும்பாலும் தனி எழுத்துருக்களில் அமைந்தவை. தாளில் அச்சான படி கறையானுக்கு இரையாகலாம். நெகிழ்வட்டில் உள்ள கோப்போ எழுத்துரு இல்லாமல் திறவாது. சில கோப்புகள் திரையில் தமிழாகத் தோன்றினும் அவற்றிலிருந்து ஒரு வரியைப் படியெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகளே வரும். இவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கட்டற்ற நிரல்கள் உள்ளன. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் எண்களை எழுத்தோடு பொருத்தும் அட்டவணை வேண்டும். கொம்பு முன்வரும் தோற்ற வரிசையை ஒலிப்பு வரிசையாக மாற்றவும் வேண்டும். நிரல் மாற்றித் தந்தபின் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது தமிழ் மாணவரின் பணி. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தொடக்கத்தில் தஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியமை இதற்கு நல்ல முன்மாதிரி.

இரண்டாவது, அச்சு நூல்களை எழுத்தாக்கல். தாளின் படத்திலிருந்து எழுத்தை உணரும் டெசராக்ட் என்னும் நிரல் 2005இல் கட்டற்றதாக வெளியிடப்பெற்றது. அது தமிழையும் உணரும். 1978ஆம் ஆண்டுக்கு முற்பட்ட எழுத்து வடிவங்களும் தேய்ந்த அச்சும் கொண்ட நூல்களில் அது தடுமாறும் இடங்களைத் திருத்தத் தமிழறிவு வேண்டும். பழைய கணக்குச் சுவடிகளிற் காணும் பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 குறிகள் 2019இல் ஒருங்குறி 12.0 பதிப்பிற் சேர்க்கப்பெற்றுள்ளமையால், சுவடிப் பதிப்பாசிரியர் அவற்றையும் இனி எழுத்தாகவே பதிக்கலாம்.

மூன்றாவது, பிழை அறிவித்தல். எழுத்துருவிலோ விசைவிதியிலோ வரிசைமுறையிலோ பிழை காணின், அம்மென்பொருளை உருவாக்குவோர்க்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். எந்த எழுத்து, எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு தோன்றியிருத்தல் வேண்டும் என மூன்று வரிகளில் எழுதினாலே போதும். தமிழ் அறியாத நாட்டிலிருந்து நமக்காகப் பொறி எழுதுவோர்க்கு அம்மூன்று வரிகள் பெரிதும் உதவும். பல முனையச் செயலிகளில் தமிழ் எழுத்துகள் கட்டங்களில் சிதறித் தோன்றும் குறை இன்றும் உள்ளது. இத்தகையன நம் அறிவிப்புக்காகவும் உழைப்புக்காகவும் காத்திருக்கின்றன.

மாணவர் தம் கணினியில் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்கலாம். லினக்ஸ் அமைப்பில் மொழியமைப்பைத் திறந்து, ஐபஸ் வழியே தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்து, 'கொக்கு, கௌரவம், க்ஷத்திரியர், ஸ்ரீ' ஆகியவற்றைத் தட்டுக. எழுத்துருவை மாற்றி மாற்றிக் காண்க. மேற்காட்டிய ஆறு சொற்களை லிப்ரே ஆபீஸில் இட்டு வரிசைப்படுத்துக. குறியேற்றம், உள்ளீடு, வடிவாக்கம், வரிசை ஆகிய நான்கின் வேறுபாடும் அரை மணி நேரத்தில் விளங்கும்.

முடிவுரை

குறியேற்றத்தால் மொழி கணினிக்குள் இடம்பெறுகின்றது, உள்ளீட்டால் எழுதப்பெறுகின்றது, எழுத்துருவாலும் வடிவாக்கத்தாலும் காட்சி பெறுகின்றது, வரிசைவிதியால் தேடக் கிடைக்கின்றது. இவற்றுள் ஒன்று குறையினும் ஏனையவை பயனிழக்கும். கட்டற்ற அமைப்பில் இவையனைத்தின் மூலநிரலும் நம் முன் திறந்து கிடக்கின்றது. ஜப்பானியரும் ஈரானியரும் மலையாளிகளும் உலகெங்கும் பரந்த தமிழரும் தத்தம் பங்கை அதில் ஆற்றியுள்ளனர்.

கணினித் தமிழ் கணினித் துறைக்கு மட்டும் உரியது என்னும் எண்ணத்தை நாம் விடுதல் வேண்டும். இனவெழுத்தும் நெடுங்கணக்கும் எழுத்தின் வரலாறும் அறிந்தோர் தமிழ்த்துறையினரே. ஒவ்வொரு கல்லூரித் தமிழ்த்துறையும் தன் நூலகத்தில் முடங்கிக் கிடக்கும் ஒரு பழைய மலரையேனும், ஓர் அரபுத்தமிழ் ஏட்டையேனும் இவ்வாண்டே ஒருங்குறிக்கு மாற்றி, யாவரும் படிக்கவும் தேடவும் வழங்க முன்வருமாயின், முன்னோர் எழுத்து அடுத்த தலைமுறையின் கையைச் சேரும். அப்பணிக்குரிய கருவிகள் ஆயத்தமாக உள்ளன. ஆசிரியரும் மாணவரும் சமுதாயப் பெரியோரும் இணைந்து அதனைத் தொடங்குவார்களாக.